எழுத வேண்டாம் என்றாள் அவள்

தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "அம்மா, நீங்க போன மாதிரியே எனக்கும் ஒரு மதிப்பீட்டு வேலை வந்திருக்கு. சண்டை முடிஞ்சு இப்பத்தான் எந்திரிச்சு நிக்கிற நாடு. கிராம மன்றங்களுக்குக் குடுத்த ஆட்சிப் பயிற்சி பலன் குடுத்துச்சான்னு பாத்து அறிக்கை எழுதணும். ஏதாவது சொல்லுங்கம்மா" என்றாய். "கம்பளி எடுத்துக்க, தண்ணியக் காய்ச்சிக் குடி" என்றேன். நீ சிரித்தாய். அடுத்த வாரம் பெங்களூரிலிருந்தே விமானம், மதுரைக்கு வர நேரமில்லை என்றாய். சரிப்பா என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு இந்தக் கோச்சடை வீட்டின் முன்னறையில் போனைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லை. அதைச் சொல்வதற்கு இத்தனை வருடமாக எனக்கு ஆள் அமையவில்லை. உன் அப்பாவிடம்கூடப் பாதிதான் சொன்னேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் ஒரு பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். நான் செய்த தவறு அச்சான ஓர் அறிக்கையில் இருக்கிறது. ஊருக்கு முன்னால் செய்ததை உன் காதில் மட்டும் ஓதி முடித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நாட்டின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இருக்காது. ஏன் என்பது படித்தால் புரியும்.

நான் ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவள். ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவளாக ஓய்வு பெற்றேன். மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் ஓர் ஊர் என்னவெல்லாம் செய்யும் என்பது எனக்கு அத்துப்படி. வழியோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். விட்டுப்போன தீர்மானங்களை, ஒரே நாளில் எழுதியது தெரியாமலிருக்க இரண்டு பேனாவில் எழுதி நிரப்புவோம். என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று தலைவருக்குச் சொல்லிக்கொடுப்போம். பெண் தலைவர் என்றால் பக்கத்தில் நிற்கும் அவர் கணவருக்குச் சொல்லிக்கொடுப்போம். இதையெல்லாம் என் கையாலேயே செய்திருக்கிறேன். ஆகவே அந்த நாட்டுக்குப் போகும் மூன்று பேர் குழுவில் என்னைச் சேர்த்தபோது, என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது. நீ அப்போது கல்லூரி மூன்றாம் வருடம். ஆரப்பாளையத்தில் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தவன், "எங்கம்மா வெளிநாட்டு அரசாங்கத்துக்கே மார்க் போடப் போறாங்க" என்று கண்டக்டரிடம் சொன்னாய். அது எனக்கு இனித்தது.

திட்டம் ஐந்து வருடத் திட்டம். சண்டையில் அலுவலகங்கள் எல்லாம் எரிந்துபோன நாட்டில், கிராம மன்ற உறுப்பினர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் கூட்டம் நடத்த, மனு வாங்க, பிறப்பு இறப்பைப் பதிய, சான்று கொடுக்கக் கற்றுத் தந்திருந்தார்கள். நாங்கள் போன இடமெல்லாம் ஒரே மாதிரி இருந்தது. சுவரில் பயிற்சிச் சான்றிதழ், மேசையில் பயிற்சியில் கொடுத்த தடிமனான கோப்பு, அதில் ஒரு பக்கம்கூடக் கசங்கியிருக்காது. "பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று எல்லோரும் ஒரே வாசகத்தைச் சொன்னார்கள். எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் கல் எனக்கு அங்கே தெரிந்தது. இதை முதலில் உனக்குச் சொல்கிறேன்: பதில்கள் வரிசையில் நிற்கிற மாதிரி வந்தால் கேள்வியை மூடிவிட்டு, அந்த அலுவலகத்தில் சும்மா உட்கார். மக்கள் எந்த மேசைக்குப் போகிறார்கள் என்று பார். மன்றத் தலைவரின் மேசைக்கு யாரும் வராமல், மூலையில் இருக்கும் இன்னொரு மேசையில் கூட்டம் இருந்தால், திட்டம் அங்கேதான் நடக்கிறது.

நான் அப்படி உட்கார்ந்ததில்தான் அவளைக் கண்டுபிடித்தேன். அது மலை மாவட்டம் ஒன்று. அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஆண்கள் நடுவே ஒரே ஒரு பெண் குமாஸ்தா. காலையிலிருந்து அவள் மேசைக்குப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் எதையோ மெல்லச் சொல்ல, இவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து எழுதினாள். பயிற்சியில் கொடுத்த பதிவேடுகளின் பட்டியலில் அந்த நோட்டு இல்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் என் மொழிபெயர்ப்பாளரை அழைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நிதானமான மனிதர். அது என்ன நோட்டு என்று கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து நோட்டைத் திறந்தாள்.

"நீங்கள் கற்றுக்கொடுத்த படிவத்தில் இறந்தவர்களுக்குத்தான் இடம் இருக்கிறது" என்றாள். "உடலைப் பார்த்த சாட்சி வேண்டும், இல்லையென்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். வீட்டை விட்டுப் போய்த் திரும்பாதவர்களுக்கு அதில் இடமில்லை. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் அப்படி இருக்கிறார்." அந்த நோட்டில் அவள் அவர்களைத்தான் எழுதிவந்தாள். பெயர், கடைசியாக யார் பார்த்தது, அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தார், வந்து அழைத்துப் போனவர்கள் எந்தச் சீருடையில் இருந்தார்கள், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள். எழுதிய பிறகு மன்றத்தின் முத்திரையோடு ஒரு வரிக் கடிதம் கொடுப்பாள். 'இவர் இன்னும் வீடு திரும்பவில்லை என்பதை இம்மன்றம் அறியும்.' அவ்வளவுதான். சட்டத்தில் இடமில்லாத கடிதம் அது. ஆனாலும் அதைக் காட்டினால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். நிலம் அளக்கிறவர் அதைக் கொண்டுவந்த பெண்ணை விரட்டாமல் உட்கார வைத்துப் பேசினார்.

ஐந்து வருடத் திட்டத்தில் உருப்படியாக நடந்த ஒரே ஆட்சி அதுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவளுக்கும் என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ வேகமாகச் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் காட்டினாளாம். எழுத வேண்டாம் என்கிறாள். அழைத்துப் போனவர்களில் சிலர் இப்போது பெரிய இடங்களில் இருக்கிறார்களாம்" என்றார். சரி என்று தலையாட்டினேன். பிறகு அவள் என்னைக் கேட்டாள்: "உங்கள் நாட்டில் இப்படி யாராவது உண்டா? உங்கள் வீட்டில்?"

"இல்லை" என்றேன்.

தம்பி, உன் தாய்மாமனைப் பற்றி நான் உன்னிடம் அதிகம் பேசியதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு குழி விளைநிலம் கிடையாது. ஊரார் வயலில் நடவும் களையெடுப்பும்தான் எங்களுக்கு. நான் பத்தாவது தேறியபோது, போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். "அவ படிக்கட்டும், நான் வடக்க போறேன்" என்றார் அண்ணன். நம் பக்கத்து ஆட்கள் பலரும் போன மாதிரி மகாராஷ்டிரத்தில் முறுக்குக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். வருடத்துக்கு ஒரு தடவை வருவார். கல்யாணமும் முடித்தார். நான் வேலையில் சேர்ந்த அடுத்த வருடம், கூட வேலை பார்த்த ஒருவர் மட்டும் வந்து நின்றார். "ஸ்டேசனுக்குப் போயிட்டு வாரேன்னு கெளம்புனாரு. பெறகு வரவே இல்ல. அம்புட்டு எடத்துலயும் தேடிப் பாத்துட்டோம்" என்றார். அதற்கு மேல் இன்றுவரை ஒன்றும் தெரியாது. அவர் மனைவி, உன் அத்தைக்கு அப்போது இருபத்திரண்டு வயது, பிள்ளை இல்லை. தாலியைக் கழற்றவும் இல்லை, பூ வைக்கவும் இல்லை. ஏழு வருடம் கழிந்ததும் நான் அரசு ஊழியராகப் போய் நின்று, கோர்ட்டில் மனுப் போட்டால் இறந்ததாக அறிவித்துவிடுவார்கள், வீட்டுமனைப் பட்டாவை மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்னேன். அத்தை எழுந்து போய் எனக்குச் சோறு போட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் அந்தப் பெண்ணிடம் இல்லை என்றேன். ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நான் மதிப்பிட வந்தவள். மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள். அந்தப் பெண்கள் வரிசையில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் இந்த நாற்காலி என்னுடையதாக இருக்காது என்று பயந்தேன் போலிருக்கிறது. அன்று மாலை தங்கும் விடுதியில் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, என் வாழ்க்கையில் அதுவரை இல்லாத ஒரு தனிமை வந்தது. பக்கத்து அறைகளில் குழுவினர் இருந்தார்கள். வீட்டுக்குப் போன் செய்தால் நீயும் உன் அப்பாவும் பேசுவீர்கள். ஆனாலும் என்னைச் சரியாகக் கேட்ட ஒரே ஆளிடம் நான் பொய் சொல்லியிருந்தேன்.

ஊருக்கு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன். குழுத் தலைவர் ஐரோப்பாவிலிருந்து போனில் கூப்பிட்டார். என் பகுதி வறட்சியாக இருக்கிறது, மனதைத் தொடுகிற மாதிரி ஏதாவது ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். நான் அந்த நோட்டைப் பற்றி எழுதினேன். அவளைக் குறை சொல்லி எழுதவில்லை. அதைவிட மோசம், புகழ்ந்து எழுதினேன். ஒரு மலை மாவட்டத்தில், ஒரு பெண் குமாஸ்தா, திட்டம் தராத ஒன்றைத் தானே உருவாக்கியிருக்கிறாள், மற்ற மாவட்டங்களும் இதைப் பின்பற்றலாம் என்று அழகான ஆங்கிலத்தில் ஒரு பக்கம். பெயர் போடவில்லை, ஆகவே வாக்கு மீறவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பக்கத்தைத் தனியாகக் கட்டம் கட்டி, வண்ணத்தில் அச்சிட்டார்கள். உன் அப்பா அதைத் தனக்குத் தெரிந்த தலைமையாசிரியர்களிடமெல்லாம் காட்டினார். நீ போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாய்.

எட்டு மாதம் கழித்து மொழிபெயர்ப்பாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கோபமே இல்லாத கடிதம். "நீங்கள் பெயர் எழுதவில்லை. ஆனால் எங்கள் மலை மாவட்டங்களில் பெண் குமாஸ்தா அவள் ஒருத்திதான். உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டுத் தலைநகரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்த நோட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். எடுத்துப் போய்விட்டார்கள். அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்."

நோட்டு போய்விட்டது, தம்பி. நூற்றுக்கணக்கான வீடுகள் வந்து சொன்னது அந்த ஒரு நோட்டில்தான் இருந்தது. என்ன சட்டை, எந்தச் சாலைத் திருப்பம், கடைசியாக என்ன சொல்லிவிட்டுப் போனார். ஒரு பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில் அத்தனையும் போயிற்று. அந்த மின்னஞ்சலை உன் அப்பாவிடம் காட்டியபோது, "நீ நல்லதுன்னு நெனச்சுத்தான எழுதுன" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதலுக்குப் பிறகு அவரிடம் அதைப் பற்றிப் பேச எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது.

திட்டத்தின் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். வருத்தம் தெரிவித்தார்கள். அறிக்கை இறுதியானது, திரும்பப் பெற முடியாது என்றார்கள். மூன்று முறை எழுதினேன், பிறகு பதில் நின்றுவிட்டது. மொழிபெயர்ப்பாளர் மூலமாக அவளுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். அதில் என் அண்ணனைப் பற்றி எழுதினேன். அன்று நான் சொன்ன இல்லை பொய் என்று எழுதினேன். ஐந்து மாதம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. "நோட்டு போய்விட்டது. எல்லாம் எனக்கு மனப்பாடம் இல்லை. மறுபடி வந்து சொல்கிறவர்களை வீட்டில் வைத்து எழுதுகிறேன்." மன்னித்தேன் என்று அவள் எழுதவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் வெளிநாட்டு வேலை எதையும் ஏற்கவில்லை. முட்டிவலி என்று உங்களிடம் சொன்னேன். உனக்குக் கல்யாணம் நடந்தது, நீ பெங்களூர் போனாய். போன வருடத்துக்கு முந்தின வருடம் உன் அப்பா போனார். காரியம் முடிந்து நீ கிளம்பிய பிறகு, அவருடைய இறப்புச் சான்று வாங்க மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். ஜன்னலில் இருந்த பெண் "பேரு சரியா இருக்கான்னு பாருங்கம்மா" என்று தாளை நீட்டினாள். பெயர், தந்தை பெயர், இறந்த இடம், நேரம், எல்லாம் சரியாக இருந்தது. "சரியா இருக்கு" என்றேன். அடுத்தவருக்கு வழிவிட்டு நகர்ந்து, அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. பார்த்தவர்கள் புருஷனுக்காக அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவருக்காகவும்தான். ஆனால் அந்தத் தாள் கையில் இருந்தபோதுதான், அப்படி ஒரு தாள் இல்லாமல் என் அண்ணன் வீட்டில் ஒரு மனுஷி முப்பத்தாறு வருடம் எப்படி இருந்தாள் என்பது என் உடம்புக்கு உறைத்தது.

மறுநாள் காளவாசலில் பஸ் ஏறினேன். எங்கே இறங்கினேன் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் ஊர்ப் பெயர் இருந்தது, நேற்று வாசித்துக் காட்டியபோது உன் அத்தை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். நான் போனபோது அத்தை வாசலில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "வா தாயி, தனியாவா வந்த?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கை எடுத்தேன். பிறகு கேட்டேன்.

"மதினி, அண்ணனப் பத்திச் சொல்றீங்களா? நான் எழுதிக்கிறேன்."

"கோர்ட்டுக்கா?"

"இல்ல மதினி. எங்கயும் குடுக்க மாட்டேன்."

"எழுதுனா வந்துருவாரா?"

"வரமாட்டாரு."

அத்தை புளியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "இம்புட்டு வருசத்துல ஆரும் இதக் கேக்கல. செத்துட்டாருன்னு சொல்லு, எழுதிக் குடுன்னுதான் கேட்டீங்க" என்றார். பிறகு, "ஒன் மகன் கல்யாணப் பத்திரிகையில அவரு பேரத் தேடுனேன். தாய்மாமன்னு போட்ட எடத்துல வேற பேரு இருந்துச்சு" என்றார்.

அது எப்படி நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். பத்திரிகை அடிக்கும்போது உன் அப்பா, "மச்சான் பேர எப்படிப் போடுறது?" என்று என்னைத்தான் கேட்டார். அமரர் என்று போட்டால் அத்தை தாங்க மாட்டார். அப்படியே போட்டால் அண்ணன் எங்கே என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். "விட்ருங்க" என்றேன். சித்தப்பா மகன் பெயரைப் போட்டோம். அவன்தான் உனக்கு மாலை போட்டான். வில்லாபுரம் மண்டபத்தில் அன்று முழுக்க அத்தை சமையல்கட்டுப் பக்கமே இருந்தார், மேடைக்கு வரவில்லை. நான் பார்த்தேன். கூப்பிடவில்லை. படிவத்தில் இடமில்லை என்று அந்த மலைநாட்டில் ஒரு பெண் எனக்குச் சொன்னதைப் புகழ்ந்து எழுதியவள், என் வீட்டுப் பத்திரிகையில் என் அண்ணனுக்கு இடம் வைக்கவில்லை.

"தப்புதான் மதினி" என்றேன். அத்தை அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வெயில் சாயும் வரைக்கும் சொன்னார். நான் எழுதினேன். முடித்ததும், "வாசி" என்றார். வாசித்தேன். இரண்டு இடத்தில் நிறுத்தித் திருத்தினார். ஓர் இடத்தை அடிக்கச் சொன்னார், அடித்தேன். என் வேலைக்காலம் முழுக்க எத்தனையோ ஊர்களைப் பற்றி, ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். எழுதியதை அந்த ஆளிடமே வாசித்துக் காட்டியது எனக்கு அதுதான் முதல் தடவை. உனக்குச் சொல்வதற்கு என்னிடம் இருப்பது இதுதான். நீ போகிற இடத்தில் ஒருவரைப் பற்றி எழுதினால், அனுப்புவதற்கு முன்னால் அவர் மொழியில் அவருக்கு வாசித்துக் காட்டு. அடி என்றால் அடி. அறிக்கை வறண்டு போகட்டும். இந்தக் கடிதத்தையும் நேற்றுப் போய் அத்தைக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அந்த நாட்டுப் பெண்ணுக்கு வாசித்துக் காட்ட எனக்கு இனி வழியில்லை. மொழிபெயர்ப்பாளர் காலமாகிவிட்டார், அவள் வீடு மாறிவிட்டாள் என்று கேள்வி. ஆகவே அவள் நாடு எது என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம்.

அன்றைக்கு எழுதிய தாளை நான் பையில் வைக்கப் போனபோது அத்தை கையை நீட்டினார். "எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அதை மடித்து வைத்தார். அதில் என்ன இருக்கிறது என்பதை உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீ வேலை முடித்துத் திரும்பியதும் மதுரைக்கு வா. காளவாசலிலிருந்து பஸ்ஸில் போவோம். நான் அத்தை வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் இருந்துகொள்கிறேன், நீ மட்டும் உள்ளே போ. மாமாவைப் பற்றிச் சொல்லுங்கள் அத்தை என்று கேள். சொன்னால் கேட்டுக்கொள். சொல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டு வா.

உன் அம்மா